தாமதத்துக்குக் காரணம்: சூரியன்

போன வாரம் துறைமுகங்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை அலமாரியிலிருந்து உருவியபோது, நடுவிலிருந்து ஒரு காலண்டர் தாள் நழுவித் தரையில் விழுந்தது. தினமும் ஒன்றாகக் கிழிக்கிற வகை. நான் புத்தகங்களுக்கு அடையாளம் வைப்பது இந்தத் தாள்களால்தான். எந்தப் புத்தகத்தை எந்த நாளில் பாதியில் விட்டேன் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். வீட்டில் இதைப் பற்றி வேறு அபிப்பிராயம் உண்டு.

முன்பக்கம் சிவப்பு மையில் ஞாயிறு. கீழே பொடி எழுத்தில் நல்ல நேரம், எமகண்டம், குளிகை. ராகு 4.30 – 6.00. பின்பக்கம் என் கையெழுத்தில் கொஞ்சம் கூட்டல், நிறையக் கழித்தல். எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு கோடு போட்டு, 'திரை 7.22'.

தேதி சொல்லாமல் நான் எதையும் எழுதுகிறவன் அல்ல. மழை பெய்ததைச் சொன்னாலும் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று சேர்த்துத்தான் சொல்வேன்; நண்பர்கள் பேச்சை மாற்றுவார்கள். ஆனால் இந்தத் தாளின் தேதியை மட்டும் சொல்லப் போவதில்லை. சொன்னால், அன்றைய அழைப்பிதழைப் பத்திரமாக வைத்திருக்கும் யாராவது அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர்களையும் மாற்றிவிட்டேன். ஆவணி மாதத்துக் கடைசி ஞாயிறு என்பது வரைக்கும் சொல்லலாம். கொள்ளைநோய் வந்து அரங்குகளையெல்லாம் பூட்டியதற்குச் சில வருடங்கள் முந்தியது.

அப்போது நான் பினாங்கில், ஜோர்ஜ் டவுனில் கடலோரத்துப் பழைய கிடங்கு ஒன்றில் இயங்கிய கலை மையத்தில் வேலையில் இருந்தேன். அதற்கு முன்னால் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. அங்கே திருகாணிகளை எண்ணிப் பழகிய கைக்கு, இங்கே பார்வையாளர்களை எண்ணும் வேலை கிடைத்தது. கதவு திறப்பது, சீட்டுக் கிழிப்பது, இடம் காட்டுவது, யாருக்காவது மயக்கம் வந்தால் தண்ணீர் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் 'ஷோ ரிப்போர்ட்' என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். திரை திறந்த நேரம், இடைவேளை, திரை மூடிய நேரம், தாமதம் எத்தனை நிமிடம், காரணம் என்ன. மற்றவர்கள் இந்த வேலையைக் கண்டு ஓடுவார்கள். எனக்கு அதைவிட இனிப்பான வேலை உலகத்தில் கிடையாது.

கீழே பெரிய அரங்கம். வரிசைகளுக்குப் பித்தளையில் ஆங்கில எழுத்துகள் பதித்திருந்தார்கள். H வரிசைக்குப் பிறகு J. இடையில் I கிடையாது, இருட்டில் அதை ஒன்று என்று நினைத்துவிடுவார்களாம். இந்த விளக்கத்தை எல்லாக் காட்சிக்கும் ஒருவருக்காவது சொல்லியாக வேண்டும். மேலே மரத் தரை போட்ட சிறிய நாடக அறை. சுவர், கூரை, நாற்காலி எல்லாம் கறுப்பு. 'ப்ளாக் பாக்ஸ்' என்போம். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு மரத் தளம் என்பது அந்தக் கட்டடத்தின் நோய். கீழே மிருதங்கம் வாசித்தால் மேலே நாற்காலி அதிரும். மேலே யாராவது செத்து விழுகிற நாடகம் என்றால், கீழே பியானோ கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வாசனைகள் வேறு. முகப்பில் குளிர்சாதனமும் தரை மெழுகும். மேடைக்குப் பின்னால் புகை இயந்திரத்தின் இனிப்பான நெடி. நடன நிகழ்ச்சி என்றால் அதோடு மல்லிகையும் கூந்தலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் சேரும். பின்பக்கம் சாமான் இறக்கும் பெரிய இரும்புக் கதவு. அதைத் திறந்தால் கடல் சேறு. மழை பெய்தால் மட்டும் அந்தக் கதவோரத்துச் செங்கல் சுவரிலிருந்து துவர்ப்பாக, பழசாக ஒரு வாடை கிளம்பும். அது கொப்பரையின் வாடை, கட்டடம் ஒரு காலத்தில் கொப்பரைக் கிடங்காக இருந்தது என்று நான் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவேன். யாரும் கேட்டதில்லை. ஆனாலும் விளக்குவேன்.

அந்த இரும்புக் கதவைப் பற்றி இன்னொன்று. அரங்கத்துக்குள் வெளிச் சத்தம் ஒரு பொட்டு நுழையாது. இந்தக் கதவோரத்தில் மட்டும் பள்ளிவாசல் பாங்கு தெளிவாகக் கேட்கும். மாலைக் காட்சி பெரும்பாலும் எட்டரைக்கு. அதனால் சூரியன் இறங்கியதும் சொல்லும் மஃரிப் பாங்கு கேட்டதும் ஒப்பனை அறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் தொழுதுவிட்டு வந்து கதவு திறப்பேன். காவலாளி பாக் மானும் நானும்தான் அங்கே தொழுகிறவர்கள். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வருடம் முழுவதற்குமான தொழுகை நேர அட்டவணை இருந்தது. பினாங்கில் சூரியன் என்றைக்கு எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பது எனக்குத் தினமும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

மேசைக்கு மேலே ஆணியில் தொங்கியது தமிழ்நாட்டிலிருந்து வந்த காலண்டர். லிட்டில் இந்தியா துணிக்கடைக்காரர் தீபாவளி நிகழ்ச்சி விளம்பரத்தோடு கொடுத்தது.

செல்வம் என்பவர் அந்த வருடம் பங்குனியிலேயே மகள் யாழினியின் அரங்கேற்றத்துக்கு இடம் கேட்டு வந்தார். பிறை நகரில் தொழிற்சாலை டெக்னீஷியன். சீருடையோடு மோட்டார் சைக்கிளில் நேராக வந்திருந்தார். ஆவணி ஞாயிறு வேண்டும். மாலை வேண்டும். காலண்டரை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம ராகு ஆறு மணிக்கு முடிஞ்சிரும்ல?"

நானும் அண்ணாந்து பார்த்தேன். "ஆமா. நாலரை, ஆறு."

"அப்ப ஆறரைக்கு வெச்சிருவமா? எங்கக்கா இந்த விசயத்துல ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு லா."

ஆறரை என்று எழுதினேன். அழைப்பிதழிலும் ஆறரை என்றே அச்சானது.

அந்த ஆவணி ஞாயிறன்று மேலே ப்ளாக் பாக்ஸிலும் ஒரு நாடகம் இருந்தது. இரண்டே பேர் நடிப்பது. பாதி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். இயக்குநர் மெய் லிங், சலங்கைச் சத்தத்துக்கு மேலே அந்த மௌனம் செல்லாது என்பதால் தன் நாடகத்தை ஒன்பது மணிக்குத் தள்ளிக்கொண்டார். கீழே எல்லாம் ஒன்பதுக்குள் முடிய வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆறரையிலிருந்து ஒன்பது, இரண்டரை மணி நேரம். ஆட்டமும் உடை மாற்றமும் நூறு நிமிடம், பேச்சும் பொன்னாடையும் முப்பது, இடைவேளை இருபது. ஒரு நிமிடம் மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தக் கணக்கை நான் ரசித்து ரசித்துப் போட்டிருந்தேன்.

ஞாயிறு வந்தது. மதியம் மழை பெய்து விட்டிருந்தது. ஐந்தே முக்கால் வாக்கில் மேடையில் நடராஜரை வைத்தாகிவிட்டது. மேடையில் திறந்த நெருப்பு கூடாது என்பது விதி. குத்துவிளக்குக்கு மட்டும் விலக்கு உண்டு, ஐந்து முகத்துக்குப் பதில் ஒரு முகம், பக்கத்தில் மணல் வாளி, திரைமறைவில் தீயணைப்புக் குப்பியோடு எங்கள் விளக்குக்காரர் ஆ செங். ஆ செங் அந்த வேலையை மிகுந்த பக்தியோடு செய்வார். நடராஜரைக் கும்பிட வருகிறவர்கள் அவரையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவதுண்டு.

அப்போதுதான் அஞ்சலை அத்தை வந்தார். செல்வத்தின் அக்கா, யாழினிக்கு அத்தை. அன்றைக்கு நான் உட்பட எல்லோருக்கும் அத்தை. சுங்கை பாக்காப்பிலிருந்து வந்திருந்தார். யாழினி ஏழு வயதில் நடனம் கற்கத் தொடங்கியதிலிருந்து சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டது அவர்தான். செல்வத்துக்குச் சனிக்கிழமை ஷிஃப்ட். பதினோரு வருடம் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர் சொல்வதற்கு ஒரு கனம் உண்டு.

கையில் ஜாதிமல்லிப் பொட்டலம். ஒப்பனை அறை வாசலில் நின்று கேட்டார்:

"ஏன்டா செல்வம், புள்ளைக்கு இப்பவே ஏன் சலங்க கட்டுறீங்க? எத்தன மணிக்கு ஆரம்பம்?"

"ஆறரைக்கு. கார்டுல போட்டிருக்கேன்ல."

"கார்ட நீ ஒழுங்கா அனுப்பியிருந்தா படிச்சிருப்பேன். போன்ல அனுப்புனா எனக்கு எழுத்து தெரியுதா? ஆறரை ராகு காலம்டா!"

"ராகு ஆறு மணியோட முடிஞ்சிருதுக்கா. காலண்டர் பாத்துத்தான் வெச்சேன்."

"எந்த ஊரு காலண்டரு?"

கைப்பையிலிருந்து மடித்து வைத்த ஒன்றை எடுத்து நீட்டினார். அவர்கள் ஊர்க் கோயிலில் போடுவது, இந்த ஊர்ச் சூரியனுக்குக் கணக்குப் பார்த்தது. அன்றைய கட்டத்தில் ராகு 5.50 முதல் 7.20 வரை.

எனக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. ராகு காலம் என்பது கடிகாரத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமல்ல. சூரியன் ஏறி இறங்கும் பகலை எட்டாகப் பங்கு போட்டால், ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கு. தமிழ்நாட்டில் சூரியன் ஆறு மணிக்கு இறங்கும், அதனால் அங்கே ஆறுக்கு முடியும். நம் ஊரில் ஏழுக்கு மேல்தானே இறங்குகிறது. போதாததற்கு எண்பத்திரண்டாம் ஆண்டு பிறந்தபோது தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு சேர்த்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். மேசைக்கு மேலே அந்த ஊர்ச் சூரியன், மேசைக் கண்ணாடிக்கு அடியில் இந்த ஊர்ச் சூரியன். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பங்குனி மாதத்தில் ஒரு தகப்பன் கேட்டதற்கு 'ஆமா' என்று சொல்லியிருந்தேன்.

நடைபாதையில் கூட்டம் கூடிவிட்டது. நடன ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு இருபதுக்கு மேல் தொடங்கி ஒன்பதுக்கு முடிப்பதென்றால், பேச்சும் இடைவேளையும் போக ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம்கூட மிஞ்சாது. ஏதாவது ஒன்று போயாக வேண்டும்.

"வர்ணத்த எடுத்துரலாம்," என்றார் ஆசிரியர், யாரையும் பார்க்காமல். வர்ணம் என்பது நடுவில் வரும் நீண்ட உருப்படி, அவளுக்கு நாற்பது நிமிடம். அரங்கேற்றம் என்றால் அதுதான் அரங்கேற்றம். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்.

உள்ளேயிருந்து யாழினி வந்தாள். முழு அலங்காரம், ஒரு காலில் மட்டும் சலங்கை.

"வர்ணம் இல்லன்னா நான் ஆடல, டீச்சர்."

"அப்ப இன்னொரு நாள் வெச்சுக்கலாம்," என்றது யாரோ ஓர் உறவினர்க் குரல்.

"எந்த நாளு? செவ்வாக்கெழம ஃப்ளைட்டு." அவளுக்குச் சரவாக்கில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. நான்கு வருடம். "அத்த, ப்ளீஸ் அத்த. ஆறரைக்கே ஆடிறேன். ஒண்ணும் ஆகாது."

அத்தை பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "ஒன் முதல் அடி ராகு காலத்துல விழுறத பாக்க என்னால முடியாது கண்ணு. நீ ஆடு. நான் வெளிய ஒக்காந்துக்கறேன். எனக்குப் பழக்கந்தானே."

செல்வம் அக்காவையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அது குற்றச்சாட்டுப் பார்வைகூட இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அறைக்குப் போய் ஆணியில் தொங்கிய காலண்டரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்தேன். கண்ணாடிக்கு அடியில் பார்த்தேன். மஃரிப் 7.21. பின்பக்கத்தில் கழிக்கத் தொடங்கினேன். இடைவேளையை அடித்தேன். உடை மாற்றும் எட்டு நிமிடம் பாடகர் தனியாக ஒரு கீர்த்தனை பாடலாம், ஒத்திகையிலும் அப்படித்தான் செய்தார்கள். மிச்சம் பேச்சும் பொன்னாடையும். அதை வெட்ட முடியாது. டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் தலைமை தாங்குகிறார். ஆனால் நகர்த்தலாமே?

ஓடி வந்தேன். "அத்தை, ராகு காலத்துல ஆடக்கூடாது, சரி. பேசலாமா?"

அத்தை யோசித்தார். "யாரு பேசப்போறா?"

"டத்தோ."

"அவரு பேச்சே ராகு காலந்தானே தம்பி," என்றார் அத்தை. "தாராளமா பேசட்டும்."

நடைபாதையே சிரித்தது. யாழினி சிரித்தபோது கண்மை கரைந்துவிடப் போகிறதே என்று ஒப்பனைக்காரம்மா கத்தினார்.

அழைப்பிதழில் போட்டபடி ஆறரைக்குத் தொடக்கம். பேச்சு, பாராட்டு, பொன்னாடை எல்லாம் முதலில். குத்துவிளக்கு மட்டும் பாங்குக்குப் பிறகு. 7.22-க்குத் திரை, நூறு நிமிடம், 9.02-க்கு முடிவு. இரண்டு நிமிடம் இடித்தது. மேலே போய் மெய் லிங்கிடம் நின்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால், 'ஒன்பது ஐந்து வரைக்கும் கதவைப் பிடித்து வைக்கிறேன். அதற்கு மேல் ஒரு தட்டுகூடக் கேட்கக் கூடாது.' பிறகு, "ஐயோ, எங்க பாட்டியும் இப்பிடித்தான் லா, எல்லாத்துக்கும் நாள் பாப்பாங்க," என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

புதிய கணக்கில் டத்தோவின் பேச்சுக்கு மட்டுமே நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். அனுபவத்தில் வைத்த கணக்கு. அவரோ வாழ்நாளில் முதல்முறையாக நேரத்துக்கு வந்தார். பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது என்று ஒன்பதே நிமிடத்தில் பேசி முடித்தார். விளக்கேற்றக் கையை நீட்டிக்கொண்டு நடராஜரை நோக்கிப் போனவரை, ஆ செங் குப்பியோடு குறுக்கே வந்து தடுத்தார். "பெலும், டத்தோ, பெலும்." இன்னும் இல்லை, இன்னும் இல்லை. டத்தோ நடராஜரைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், இறங்கிப் போய்விட்டார்.

பொன்னாடை, நன்றியுரை, ஆசிரியருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம். எல்லாம் இழுத்தும் 6.58. இருபத்து நான்கு நிமிடம் மிச்சம். மிருதங்கத்தைத் தட்டச் சொல்லலாம் என்றால், அதுவும் முதல் ஒலிதானே என்று அத்தை தலையாட்டினார். அரங்கம் நிரம்பி, குழந்தைகள் நாற்காலியில் ஏறத் தொடங்கியிருந்தன. கோட்டும் டையும் போட்ட அறிவிப்பாளருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல், கழிவறை எங்கே இருக்கிறது என்று இரண்டாவது தடவை அறிவித்தார்.

"அண்ணே," என்றார் செல்வம் என் கையைப் பிடித்து. "நீங்க எதாச்சும் பேசுங்கண்ணே. இந்தக் கட்டடத்தப் பத்தி எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பீங்கள்ல."

கதவு திறக்கிறவன் மேடை ஏறுவது முறையல்ல. ஆனால் அந்த 'ஆமா' என் வாயிலிருந்து வந்தது. ஏறினேன்.

பல வருடங்கள் கேட்க ஆளில்லாமல் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். தோணிகள் வந்து அடைந்த கரை, கூலி ஆட்கள் பலகை மேல் நடந்து மூட்டை ஏற்றியது, தூண்களில் இன்றும் இருக்கும் கயிற்றுத் தடம். H-க்குப் பிறகு ஏன் I இல்லை என்பதையும் சொன்னேன், அதற்கு மட்டும் கைதட்டல் கிடைத்தது. "அண்ணே, டான்ஸ் எப்பண்ணே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் அசரவில்லை. மழை பெய்தால் பின்சுவரில் கிளம்பும் கொப்பரை வாடைக்கு வந்தேன்.

"கொப்பர இல்ல தம்பி," என்று D வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "பாக்கு."

"இல்லீங்க, கொப்பரைன்னுதான்—"

"எங்கப்பா இங்க மூட்ட தூக்குனவரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா சட்டையெல்லாம் பாக்கு வாட அடிக்கும். அம்மா வெளியவே கழட்டச் சொல்லும். கொப்பரன்னா எண்ண வாட வரும். இது தொவரும். போய் மோந்து பாரு."

அரங்கம் கைதட்டியது. மலாயில் பினாங் என்றால் பாக்கு; அந்தப் பெயரையே வாங்கிய தீவில் இருந்துகொண்டு, பாக்கு வாடையைக் கொப்பரை என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். பெரியவரை மேடைக்கே அழைத்தேன். அவர் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அவசியமும் இல்லை.

நான் பக்கவாட்டுத் திரையின் இடுக்கு வழியாகப் பின்பக்கம் பார்த்தேன். இரும்புக் கதவை ஓராள் நுழையும் அளவுக்குத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே வெளிச்சம் செம்மண் நிறமாக இருந்தது. கதவின் இந்தப் பக்கம் அஞ்சலை அத்தை, அந்தப் பக்கம் பாக் மான். இருவரும் காதை வெளியே கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.

"பெலும் லாகி, பாக் மான்?" என்று அத்தை கேட்டார். இன்னும் இல்லையா?

"செக்கெஜாப், காக். செக்கெஜாப்." கொஞ்சம் பொறுங்கள் அக்கா.

அத்தை விரலால் சேலை முந்தானையைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். அவர்களுக்குப் பின்னால் யாழினி. இரண்டு காலிலும் சலங்கை. ஆனால் சிமெண்டுத் தரையில் பெருவிரலை ஊன்றி அசையாமல் நின்றாள், ஒரு மணி கூடக் குலுங்காதபடி.

பாக் மான் கையை உயர்த்தினார். பாங்கு கேட்டது.

அத்தை கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் வாக்கி டாக்கியை எடுத்து, எல்லாக் காட்சிக்கும் சொல்லும் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: முன்பக்கம் தயார். பெரியவர் தன் அப்பாவைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கினார். செல்வமும் அத்தையும் சேர்ந்து ஒரு திரியை ஏற்றினார்கள். ஆ செங் ஒரு நிமிடம் குப்பியைக் கீழே வைத்தார். 7.22. சலங்கையின் முதல் அடி விழுந்தது. நான் தொழப் போனேன்.

திரும்பி வந்தபோது வர்ணம் தொடங்கியிருந்தது. நாட்டியம் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. நாற்பது நிமிடமும் E வரிசைக் குழந்தை ஒன்றுகூட நாற்காலியில் ஏறவில்லை என்பது என் குறிப்பில் இருக்கிறது. அத்தை முதல் வரிசையில், காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

தில்லானா முடியும்போது நான் மாடிப்படியில் கைக்கடிகாரத்தோடு நின்றேன். ஒன்பது ஐந்து ஆயிற்று. ஆறு. கீழே இன்னும் தாளம். மேலே மெய் லிங் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நின்றார். அவருடைய வலது கால் செருப்பு தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. 9.07-க்குச் சத்தம் நின்றது. அவர் கதவைத் திறந்தார். இருவரும் அதைப் பற்றி ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை.

ஷோ ரிப்போர்ட்டில் எழுதினேன். திரை 7.22. தாமதம் 52 நிமிடம். காரணம் என்ற இடத்தில் நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். என் தவறு என்று எழுதியிருக்க வேண்டும். 'சூரியன்' என்று எழுதினேன். மறுநாள் நிர்வாகி அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார். அதற்கு நான் பதில் எழுதவே இல்லை. துணிக்கடைக் காலண்டரை இறக்கிவிட்டு, அத்தை கொடுத்துவிட்டுப் போன கோயில் காலண்டரை ஆணியில் மாட்டினேன்.

இப்போது அந்த மையம் இல்லை. கொள்ளைநோய்க் காலத்தில் பூட்டியது, பூட்டியபடியே கைமாறியது. ஷோ ரிப்போர்ட் கோப்புகள் பழைய தாளோடு எடைக்குப் போயின என்று ஆ செங் சொன்னார். அவர் இப்போது கல்யாண மண்டபங்களுக்கு விளக்குப் போடுகிறார். பாக் மான் இறந்துவிட்டார். யாழினி சரவாக்கிலேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டதாகக் கேள்வி. ஆடுகிறாளா என்று தெரியாது.

தாள் கிடைத்த மறுநாள் மாலை, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அங்கே போனேன். இப்போது அது பயணிகள் தங்கும் விடுதி. அரங்கம் இருந்த இடத்தில் அடுக்கடுக்காக, ஓராள் நுழைந்து படுக்கும் பெட்டிகள். பித்தளை எழுத்துகளைப் பெட்டி வரிசைகளுக்குப் பொருத்தியிருந்தார்கள். H-க்குப் பிறகு J. ஏன் I இல்லை என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"தெரியல அங்கிள். நாங்க வாங்குனப்பவே அப்பிடித்தான் இருந்துச்சு."

விளக்கம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவளுக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

உள்ளே காப்பி வாசனை, குளிர்சாதனம். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இரும்புக் கதவு இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்து, வெள்ளை பூசி, ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பாங்கு சொல்லும் நேரம். சுவரோடு காதை வைத்து நின்றேன். நேரம் கடந்து இரண்டு நிமிடம் ஆயிற்று. அங்கே ஒன்றும் கேட்கவில்லை.